டிக்கியில் ஒரு தவில்

கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள் இலவசம். ஒன்று, நுரை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் ஓரத்தை உரசிக்கொண்டு, அந்த மகாநகரம் குளித்தது, துவைத்தது, கழுவிவிட்டது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வரும் தென்பெண்ணை, மழைக்காலத்தில் ஷட்டரைத் திறந்தால் சோப்பு விளம்பரம் மாதிரி பொங்குகிறது. இரண்டாவது, 'டும்'.

டிக்கியைத் திறந்து வைத்த கார்கள். பின் சீட்டை மடக்கி, கார்ப்பெட் ஒட்டிய ஒரு பெட்டி. அதில் பன்னிரண்டு இன்ச் சப்-ஊஃபர், சுற்றிலும் நீல லைட். கார் பக்கத்தில் நாலு இளைஞர்கள், கையில் பஜ்ஜி. ஐம்பது அடி தள்ளி நின்றால் உங்கள் சட்டைப் பொத்தான் நடுங்கும். பாட்டு எது என்று மட்டும் தெரியாது. தமிழா, தெலுங்கா, கன்னடமா? எதுவாக இருந்தாலும் காதில் விழுவது ஒரே 'டும்'தான். மூன்று மொழி புழங்கும் எல்லை ஊரில் மொழிப் பிரச்னையை இவ்வளவு சுலபமாக வேறு யாரும் தீர்த்து வைத்ததில்லை.

முதலில் ஒரு எழுத்துப் பிரச்னை. இந்த அடித்தொனியை ஆங்கிலத்தில் சொல்லும் வார்த்தையைத் தமிழில் 'பாஸ்' என்று எழுதினால் அது ஆபீஸ் முதலாளியாகவும் இருக்கலாம், ப்ளஸ் டூ ரிசல்ட்டாகவும் இருக்கலாம். கடைக்காரர்கள் 'பேஸ்' என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பேஸ் எனக்கு விரோதி அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தை எழுதுகிற நாற்பது வயசுக்காரன் எவனும் 'எங்க காலத்துல...' என்றுதான் ஆரம்பிப்பான் என்று ஒரு சந்தேகம் உண்டு. எங்க காலத்துல டேப் ரிக்கார்டர் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து வைத்து பேஸ் கேட்ட கூட்டம் நாங்கள். பறை, பம்பை, தவில் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அடித்தொனி அந்நியம் இல்லை. தவில் வித்வான் தொப்பிப் பக்கம் பூவரசங்கழியால் ஒன்று போட்டால் கல்யாண மண்டபமே நிமிர்ந்து உட்காரும். ஆனால் அவர் ராத்திரி முழுக்க தொப்பியை மட்டுமே அடித்துக்கொண்டிருப்பதில்லை. அணைக்கட்டு கார்களின் பிரச்னை பேஸ் அதிகம் என்பதல்ல. எல்லாப் பாட்டுக்கும் ஒரே பேஸ், ஒரே சுரம் என்பதுதான். டிக்கியில் ஒரு தவிலை ஏற்றிக்கொண்டு அதன் வலந்தலையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இதில் என்ன போச்சு என்று கேட்கலாம். போனது கொஞ்சமல்ல. தமிழ் சினிமா இசையில் பேஸ் என்பது சத்தம் அல்ல. அது இன்னொரு பாட்டு. 1976-ல் 'அன்னக்கிளி'யில் வந்த இளையராஜா, அடுத்த சில வருஷங்களில் பேஸ் கிடாருக்குத் தனியாக ஒரு மெட்டே எழுத ஆரம்பித்தார். பாடகர் ஒரு வழியில் போவார், கீழே பேஸ் இன்னொரு வழியில் நடந்து, வளைவில் அவரைச் சந்தித்து, மறுபடி பிரிந்து போகும். 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடிய கிடார் பாட்டை நல்ல செட்டில் ஒருமுறை குரலை மறந்து, கீழே நடப்பதை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். சசிதரன் என்ற கலைஞரின் விரல்கள் அவருடைய குழுவில் இந்த வேலையை வருஷக்கணக்காகச் செய்தன. ரஹ்மானுக்கு கீத் பீட்டர்ஸ். இவர்கள் பெயரைப் பாடல் கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வேலை மட்டும் அத்தனை வீட்டிலும் ஒலித்திருக்கிறது.

நாலு கம்பி பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அங்கிருந்து மேலே ஏறி இறங்கி, 50, 60, 80, 100 என்று போவதுதான் அந்த மெட்டு. மட்டமான பெட்டியில், தப்பாக டியூன் செய்த ஆம்ப்ளிஃபயரில் என்ன நடக்கிறது? 45 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு சுரம் மட்டும் பெருத்து, மற்றதெல்லாம் இளைத்துப் போகிறது. சசிதரன் ஏழு சுரம் வாசித்தால் உங்கள் டிக்கி ஒரு சுரத்தையே ஏழு தரம் வாசிக்கிறது. கதாகாலட்சேபம் செய்பவரின் மைக்கைப் பிடுங்கி, அவர் இருமும்போது மட்டும் ஆன் செய்கிற மாதிரி.

அடித்தொனியைச் சமன் செய்வது ஏதோ மேல்நாட்டு வித்தை என்று நினைக்க வேண்டாம். மிருதங்கக் கச்சேரிக்கு அரைமணி முன்னால் போய்ப் பார்த்தால் தெரியும். வித்வான் தண்ணீர் விட்டுக் குழைத்த ரவையை மிருதங்கத்தின் இடதுபக்கத் தொப்பியில் அப்பிக்கொண்டிருப்பார். கொஞ்சம் அப்புவார், தட்டுவார், ஒரு சிட்டிகை கிள்ளி எடுப்பார், மறுபடி தட்டுவார். ரவையின் எடை தோலின் அதிர்வைக் குறைத்து சுருதியைக் கீழே இறக்குகிறது. அதிகம் போனால் 'பொத்'தென்று ஊமையாகும்; குறைந்தால் தொப்பி வலந்தலையோடு சண்டைக்கு நிற்கும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எறிந்துவிடுவார். அடுத்த கச்சேரிக்குப் புது ரவை. நம் ஊரின் பேஸ் டியூனிங் இதுதான். சி.வி. ராமன் 1920-லேயே 'நேச்சர்' இதழில் நம் தோல்வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரண டிரம் மாதிரி வெறும் சத்தமாக இல்லாமல், இவை சுருதி சுத்தமான மேல்சுரங்களைத் தருவதெப்படி என்பது அவர் விஷயம். தோலின் நடுவில் ஏற்றுகிற அந்த எடைதான் ரகசியம்.

ரவையைத் துல்லியமாகக் கிள்ளத் தெரிந்த ஊரில், ஆம்ப்ளிஃபயரின் திருகையை மட்டும் ஏன் கடைசிவரை திருகுகிறோம்? ஓசூரில் இது இன்னும் வேடிக்கை. 1984-ல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன் கைக்கடிகாரம் செய்யும் ஊர். டி.வி.எஸ். பைக்கும் அசோக் லேலண்ட் லாரியும் உருவாகும் ஊர். இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்ன ஒர்க்‌ஷாப்புகள். திங்கள் முதல் சனி வரை மைக்ரானில் தப்பு கண்டுபிடித்து 'ரிஜெக்ட்' என்று தூக்கிப் போடுகிற கைகள், ஞாயிற்றுக்கிழமை கார் ஆம்ப்பில் எல்லாத் திருகையும் வலதுகோடிக்குத் தள்ளிவிட்டு 'சூப்பர்' என்கின்றன.

நான் பி.காம். வரவு-செலவு இடித்தால் தூக்கம் வராது. அதனால் முதலில் வாட் கணக்கைப் பார்த்துவிடுவோம். 90-களில் கலர் பெட்டி டேப் ரிக்கார்டர்கள் மேல் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' என்று ஸ்டிக்கர் இருக்கும். ஆறு பேட்டரியில் ஓடுகிற பெட்டிக்கு ஆயிரம் வாட்! அந்தப் பரம்பரை சாகவில்லை, காருக்குள் குடிவந்திருக்கிறது. அட்டைப்பெட்டியில் '2000 வாட்' என்று கொட்டை எழுத்து. ஆம்ப்பைத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் ஃப்யூஸ் இருக்கும், அதில் 30 என்று எழுதியிருக்கும். ஓடுகிற காரில் சுமார் 13.8 வோல்ட். முப்பதால் பெருக்கினால் 414 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதிலும் 'ஏ.பி.' வகை ஆம்ப் என்றால் ஏறக்குறைய பாதிதான் சத்தமாக வெளியே வரும், மீதி சூடு. 'டி' வகை கொஞ்சம் சிக்கனம், முக்கால் பங்குக்கு மேல் தேறும். ஆக அந்த 2000, நிஜத்தில் 225, மிஞ்சிப் போனால் 330. இப்படி ஒரு பேலன்ஸ் ஷீட்டை எந்தக் கம்பெனியாவது ஆடிட்டரிடம் காட்டினால் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

இதை ஒழுங்குபடுத்த அமெரிக்காவில் 2003-ல் ஒரு அளவுமுறை கொண்டுவந்தார்கள், சி.இ.ஏ.-2006 என்று பெயர். 14.4 வோல்ட், 4 ஓம், ஒரு சதவீதத்துக்கு மேல் பிசிறு கூடாது. அந்த நிலையில் எத்தனை வாட் என்று சொல்ல வேண்டும். அதைப் பின்பற்றுகிற ஆம்ப்பின் பெட்டியில் எண் சின்னதாக இருக்கும். சின்ன எண்ணுக்கு நம் கடைகளில் மரியாதை இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் பெங்களூர் ஜே.சி. ரோடானாலும் இதே கதைதான். வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை வாட்?' பதில் சொல்கிறவருக்கு வாய் இருக்கிறது, சொல்கிறார்.

சரி, ஆம்ப் வாங்கியாச்சு. அதில் நாலைந்து திருகுகள். இவற்றில் மகா அவதூறுக்கு ஆளானது 'கெயின்'. தொண்ணூறு சதவீதம் பேர் அதை வால்யூம் என்று நினைக்கிறார்கள். இல்லை சார். டேஷ்போர்டில் இருக்கும் செட் எவ்வளவு வோல்ட் அனுப்புகிறதோ, அதற்கு ஆம்ப்பின் காதைப் பொருத்துகிற திருகு அது. செட் சன்னமாகப் பேசினால் கெயினைக் கூட்ட வேண்டும், உரக்கப் பேசினால் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். உரக்கப் பேசுகிற செட்டுக்கும் கெயினை முழுசாக வைத்தால் செட்டின் வால்யூம் பாதியைத் தாண்டுவதற்குள் ஆம்ப் மூச்சு முட்டி, அலையின் உச்சியைத் தட்டையாக வெட்டிவிடும். 'கிளிப்பிங்' என்பார்கள். மலையின் உச்சியை ஜே.சி.பி. வைத்துச் சீவியது மாதிரி. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், கிரானைட் குவாரிகளைப் பார்த்தவர்கள். அப்படிச் சீவிய அலை ஸ்பீக்கருக்குள் சூடாகத்தான் தங்கும். சப்-ஊஃபர்கள் கருகுகிற வாசனைக்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் திருகுதான். பழி மட்டும் ஸ்பீக்கர் மேல்.

ஓசூரில் எனக்குத் தெரிந்த ஒரு இன்ஸ்டாலர் இருக்கிறார். முன்னாள் தொழிற்சாலை ஊழியர். குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தவர் என்பது அவர் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற விதத்திலேயே தெரியும். கெயின் வைக்க அவர் காதை நம்புவதில்லை. மல்ட்டிமீட்டரை எடுப்பார். ஈக்வலைசர் எல்லாம் பூஜ்யம். பேஸ் பூஸ்ட் பூஜ்யம். செட்டின் வால்யூம் முக்கால் பங்கு. அதற்கு மேல் போனால் செட்டே பிசிறடிக்கும். சப்-ஊஃபர் ஒயரைக் கழற்றிவிடுவார். 50 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிவு செய்த ஒரு ஃபைலை ஓடவிட்டு, ஆம்ப்பின் வாயில் ஏ.சி. வோல்ட்டை அளப்பார். ஏன் 50? நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான மீட்டர்கூட அந்த இடத்தில் பொய் சொல்லாது என்கிறார்.

எத்தனை வோல்ட் வர வேண்டும்? இங்கே எட்டாம் வகுப்புக் கணக்கு. நிஜ வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 225 வாட், 4 ஓம் என்றால் 900. வர்க்கமூலம் 30. மீட்டர் 30 காட்டும்வரை கெயினை மெதுவாகத் திருகி, நிறுத்தி, ஒயரை மாட்டிவிட வேண்டியதுதான். மொத்தம் பத்து நிமிஷ வேலை. பெரும்பாலான திருகுகள் பாதிக்கு முன்னாலேயே நின்றுவிடுமாம். 'கஸ்டமர் அதைப் பார்த்ததும், இன்னும் பாதி பாக்கி இருக்கே, ஏன் வேஸ்ட் பண்றீங்கன்னு கேப்பார் சார். கார்ல ஸ்பீடோமீட்டர் 200 வரைக்கும் இருக்கு, நீங்க அவ்ளோ போறீங்களான்னு கேப்பேன். சில பேரு ஆமாம்பாங்க.'

அடுத்தது 'பேஸ் பூஸ்ட்'. என்னைக் கேட்டால் இந்தத் திருகுக்கு ஆம்ப்பில் இடமே தரக்கூடாது. இது மீட்டர் வட்டி. மூன்று டெசிபல் கூட்டினால் இரண்டு மடங்கு பவர் வேண்டும். ஆறுக்கு நாலு மடங்கு. பன்னிரண்டுக்குப் பதினாறு மடங்கு. அதாவது 100 வாட்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்பிடம் திடீரென்று 1600 வாட் கேட்கிறீர்கள். அதனிடம் இருப்பது 225. மீதிக்கு அது என்ன செய்யும்? அலையைச் சீவும். அதுவும் பெரும்பாலும் 45 ஹெர்ட்ஸ் என்ற ஒரே இடத்தில்தான் இந்தப் பூஸ்ட் வேலை செய்கிறது. அணைக்கட்டின் ஒற்றைச் சுர 'டும்' பிறக்கும் இடம் இதுவே. தண்ணீர் கொஞ்சம், நுரை ஆளுயரம்.

இத்தனைக்கும் காருக்குள் தாழ்ந்த ஒலிகளுக்கு இயற்கையே ஒரு போனஸ் கொடுத்திருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். நம் ஊர்ச் சின்னக் கார்கள் வரிச்சலுகைக்காக நாலு மீட்டருக்குள் சுருங்கிக்கொண்டவை. காரைவிட இரண்டு மடங்கு நீளமான அலை உள்ளே விரிய இடமில்லாமல், மொத்தக் கேபினையும் பம்ப் அடிக்கிற மாதிரி அழுத்தி விடுகிறது. அதனால் வீட்டு ஹாலில் மெலிவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலி, அதே பெட்டியில் காருக்குள் பெருத்துக் கேட்கும். ஓசியில் வருவதைக் கணக்கில் எழுதாமல், மேலும் கடன் வாங்குகிறோம்.

மூன்றாவது, 'லோ பாஸ் ஃபில்டர்'. எந்த ஹெர்ட்ஸ் வரை சப்-ஊஃபருக்கு அனுமதி என்று தீர்மானிக்கும் வாட்ச்மேன். 80-ல் வைப்பது நல்ல ஆரம்பம். 80-க்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதுக்குச் சரியாகப் பிடிபடாது. பெட்டி டிக்கியில் இருந்தாலும் பேஸ் முன்னாலிருந்து வருவதாக மனசு நம்பிவிடும். வாட்ச்மேன் தூங்கிப் போய் 200 வரை உள்ளே விட்டால், ஆண் குரலின் அடிப்பகுதியும் பின்னால் போய்விடும். எஸ்.பி.பி. டிக்கியிலிருந்து பாடுவார். அதே 80-க்கு மேலே உள்ளதை மட்டும் கதவு ஸ்பீக்கர்களுக்கு விடும்படி செட்டிலோ ஆம்ப்பிலோ 'ஹை பாஸ்' வைத்துவிட்டால், அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் முக்கல் முனகல் இல்லாமல் தங்கள் வேலையைப் பார்க்கும். துளை வைத்த பெட்டி என்றால் 'சப்-சானிக்' என்ற இன்னொரு வாட்ச்மேனும் அவசியம். துளையின் சுருதிக்குக் கீழே போகும் ஒலிகளில் கோன் பிடிமானம் இல்லாமல் ஆடிக் கிழியும். மூடிய பெட்டியில் இந்த அபாயம் குறைவு. சத்தமும் கொஞ்சம் குறைவு. ஆனால் ராஜாவின் பேஸ் அதில்தான் நடக்கிறது, துளைப் பெட்டியில் பெரும்பாலும் குதிக்கிறது. இது என் கட்சி. கடைக்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

நாலாவது 'ஃபேஸ்'. 0, 180 என்று ஒரு சுவிட்ச். டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நண்பரை டிக்கிப் பக்கம் அனுப்பி இப்படியும் அப்படியும் தட்டச் சொல்லுங்கள். எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. தப்பான பக்கத்தில் இருந்தால் கதவு ஸ்பீக்கர் தள்ளும்போது டிக்கி இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். இந்த ஒரு பைசா செலவில்லாத சுவிட்சைத் தொடாமல், 'பேஸ் பத்தலை' என்று இன்னொரு சப்-ஊஃபர் வாங்கிய குடும்பங்கள் உண்டு.

இதையெல்லாம் கடை வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தால் பாதி வேலைதான் ஆகும். ஓடுகிற காரில் டயரும் சாலையும் எழுப்புகிற இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிதான். அது பாட்டின் பேஸைத் தின்றுவிடும். நின்ற காரில் கச்சிதமாக இருந்தது ஹைவேயில் சோகையாகத் தெரியும். நம் இன்ஸ்டாலர் ஆளை ஏற்றிக்கொண்டு சூளகிரி வரை ஒரு ரவுண்டு போய்விட்டுத்தான் காசு வாங்குகிறார். போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் கேட்கச் சொல்கிறார். திரும்பி வந்ததும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ரப்பர் வாஷர் வைக்கிறார். பல கார்களில் 'பேஸ்' என்று நாம் கேட்பதில் கால்வாசி அந்தத் தகரத்தின் நடுக்கம்.

குறைந்த சத்தத்தில் பேஸ் ஏன் காணாமல் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் வரைந்து காட்டினார்கள். மனிதக் காது சன்னமான ஒலியில் தாழ்ந்த சுரங்களுக்குப் பாதிச் செவிடு. சத்தம் கூடக் கூட அந்தச் செவிடு குறையும். பழைய ஸ்டீரியோக்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது இதற்காகத்தான்; ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது மட்டும் போட வேண்டியது. நாம் அதையும் இருபத்துநாலு மணி நேரமும் அமுக்கியே வைத்திருந்தோம்.

ஆனால் சத்தத்தைக் கூட்டினால் வேறொன்று நடக்கிறது. எனக்கு இதில்தான் உண்மையான கோபம். தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால், அதற்கு மேலே இருக்கிற ஒலிகளை அது மறைத்துவிடும். மேலே உள்ளது கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. கீழே உள்ளதுதான் மேலே ஏறி அமுக்கும். காதின் அமைப்பே அப்படி. பேஸ் அளவு மீறும்போது முதலில் மூழ்குவது என்ன தெரியுமா? மெய்யெழுத்துகள். 'ச'வும் 'த'வும் 'க'வும். பாட்டில் உயிரெழுத்து மட்டும் மிஞ்சி, ஏதோ ஒருவர் ஆவென்றும் ஓவென்றும் அலறுவதாகக் கேட்கும். நா. முத்துக்குமார் ஒரு வார்த்தைக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்திருக்கலாம். மறைந்த ஒலிப்பதிவாளர் ஸ்ரீதர், 'மகாநதி'யிலிருந்து 'கன்னத்தில் முத்தமிட்டால்' வரை நாலு தடவை தேசிய விருது வாங்கியவர், குரலுக்கும் பேஸுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி இடம் விட்டு வைத்தார். அந்த இடைவெளியின் மேல் டிக்கி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஒரு படைப்பை எடிட் செய்யும் உரிமை நமக்கு யார் தந்தது? காசு கொடுத்து வாங்கிவிட்டோம் என்பதால் புத்தகத்தில் ஒரு வரி விட்டு ஒரு வரி மை பூசலாமா? பூசலாம்தான். ஆனால் பூசிவிட்டு, 'நான் பெரிய வாசகன்' என்று டிக்கியைத் திறந்து ஊருக்குக் காட்டக் கூடாது.

ஊருக்குக் காட்டுவதற்குச் சட்டம் ஒரு எல்லை போட்டிருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. தொழிற்பேட்டைப் பகுதிக்கு 75, 70. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விதிகள் அளக்கச் சொல்வது 'டி.பி.-ஏ' என்ற கணக்கில். காதின் சுபாவத்துக்கு ஏற்றபடி தாழ்ந்த ஒலிக்குத் தள்ளுபடி கொடுக்கும் கணக்கு அது. 50 ஹெர்ட்ஸுக்குத் தள்ளுபடி சுமார் 30 டெசிபல். ஆடித் தள்ளுபடிகூட இவ்வளவு கிடையாது. மீட்டரில் ஒழுங்காகத் தெரியும் சத்தம், பக்கத்துத் தெருவில் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு செங்கல் சுவர் குரலை நிறுத்தும், பேஸை அவ்வளவாக நிறுத்தாது. தொட்டிலில் குழந்தை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிற தொழிலாளி இவர்களுக்கு மீட்டர் என்ன காட்டினால் என்ன?

அந்தத் தொழிலாளியின் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தொழிற்சாலைச் சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமோ 85 என்கிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்கு, 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிஷம்தான் என்கிறது. பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் நின்றவர் அன்றைய கோட்டாவை ஏற்கெனவே செலவழித்தாயிற்று. சாயங்காலம் காரில் ஏறிக் கேட்பதெல்லாம் கடன். இரைச்சலால் காது போகும்போது முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மெய்யெழுத்துகள் குடியிருக்கும் பேட்டைக்கு அருகில். பேஸ் கடைசிவரை கேட்கும். அதனால் தனக்குக் காது போகிறதென்றே ஆளுக்குத் தெரியாது. 'டும்' நன்றாகத்தான் கேட்கிறது, மனைவி பேசுவதுதான் புரியவில்லை என்பார். இதற்கு வேறு காரணம் சொல்லி ஜோக் அடிக்கிறோம்.

பழைய பாட்டு கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல். இசைத்தட்டில் பேஸை அப்படியே வெட்டினால் வரிப்பள்ளம் அகன்று பக்கத்து வரியில் இடிக்கும். அதனால் பதியும்போது குறைத்து, ஒலிக்கும்போது கூட்டுவார்கள். 1954-ல் இதற்கு உலகம் முழுக்க ஒரு பொது அளவு வந்தது. அந்தக் காலப் பதிவுகளில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் சங்கீதம் இல்லை, தட்டு சுற்றுகிற உறுமல்தான் இருக்கிறது. எம்.எஸ்.வி. பாட்டுக்கு சப்-ஊஃபரை முறுக்கினால் கேட்பது எம்.எஸ்.வி. அல்ல, மோட்டார். எதிர்ப்பக்கம், இன்றைய மாஸ் பாடல்கள். 1980-ல் ரோலண்ட் கம்பெனி விட்ட டி.ஆர்.-808 என்ற டிரம் மெஷினின் நீண்ட 'தூம்' ஒலியும் அதன் வாரிசுகளும் இவற்றில் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் ஏற்கெனவே பேஸ் ததும்புகிறது. கூடுதலாக ஊற்றினால் வழியும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவே 80-களின் ராஜா, 90-களின் ரஹ்மான்; சரியாக டியூன் செய்த செட்டின் முழுப் பலனும் கிடைப்பது இந்தப் பகுதியில்.

ஆக ஒரே செட்டிங் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. மிருதங்கக்காரர் கச்சேரிக்குக் கச்சேரி ரவையை மாற்றுகிறார் இல்லையா? இதற்காகவே நல்ல ஆம்ப்களோடு ஒயரில் தொங்கும் ஒரு சின்னத் திருகு வருகிறது. டிரைவர் கைக்கு எட்டும்படி கியருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். சப்-ஊஃபரை மட்டும் ஏற்றி இறக்கும். நம் ஓசூர் இன்ஸ்டாலர், வேலை முடிந்ததும் அந்தத் திருகைச் சுற்றி ஒயிட்னரால் மூன்று புள்ளி வைக்கிறார். இடது புள்ளி அப்பா காரில் இருக்கும்போது, எம்.எஸ்.வி.க்கு. நடுப்புள்ளி ராஜா, ரஹ்மான். அதற்குக் கொஞ்சம் இடதுபக்கமாகவே இருக்கும் மூன்றாவது புள்ளி, இன்றைய மாஸ் பாட்டுக்கு. 'புதுப் பாட்டுக்குக் கம்மியா வைக்கணுமா?' என்று எல்லாரும் சண்டை பிடிக்கிறார்களாம். வலதுகோடியில் புள்ளியே இல்லையே என்று கேட்கிறவர்களுக்கு, ஒயிட்னர் தீர்ந்துபோச்சு என்கிறார்.